காப்பு மஞ்சள்

“நான் வேகவெச்ச மஞ்சளைக் கொழம்புல போட்டுத் திங்கறாங்க. புண்ணுல வெச்சுக் கட்டறாங்க. அம்மனுக்கே அதைத்தான் பூசறாங்க. எனக்குன்னு ஒரு துண்டு மட்டும் இந்த வூட்டுல இல்லீங்களா சாமி?”

பூவாத்தாள் கேட்டாள்.

சேமலை வைத்தியர் தலை நிமிரவில்லை. கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார்.

“கையைக் கழுவிட்டு வாங்க அக்கா.”

கழுவிவிட்டு வந்து நின்றாள்.

“போயிருச்சுங்களா?”

“மஞ்சள் எப்படிங்க சாமி போகும்? இத்தனை வருசத்துக் கறை.”

“அப்பறம் எதுக்கு மறைக்கறீங்க?”

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கைகளும் முந்தானைக்குள் இருந்தன.

*

குரு சிஷ்யன் கதை என்றால் குருவுக்கு இடுப்பு வரை வெள்ளைத் தாடி இருக்க வேண்டும், சிஷ்யனுக்கு மீசைகூட முளைத்திருக்கக் கூடாது. இங்கே தலைகீழ். வைத்தியர் தாடி கன்னங்கரேலென்று இருக்கும். நரைத்தது பூவாத்தாள் தலைதான். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வராது.

அவள் அந்த வீட்டுக்கு முதலில் வந்தது மருந்து கேட்டு. புருஷன் காலில் மண்வெட்டி பட்டிருந்தது. சாணியை அப்பித் துணியைச் சுற்றி வைத்திருந்து, காய்ச்சல் கண்ட பிறகுதான் ஓடி வந்தாள். வைத்தியர் மஞ்சளைக் கருக வறுத்துப் பொடித்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, “மொத நாளே வந்திருக்கலாமுங்களே” என்றார்.

அந்தச் சொல் அவளை விடவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் அந்த வாசலில் வந்து நின்றாள்.

“மருந்துக்கு வரலீங்க. கத்துக்க வந்தேன்.”

“உள்ள வாங்க” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கு மஞ்சள் விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

காட்டிலிருந்து வந்த கிழங்கைத் தாய்க்கிழங்கு வேறு, விரலி வேறு என்று பிரிப்பாள். கொப்பரையில் கொட்டி, மேலே மஞ்சள் இலையைப் போர்த்தி வேகவைப்பாள். ஈர்க்கைக் குத்திப் பார்த்தால் தடங்கல் இல்லாமல் இறங்க வேண்டும். கொஞ்சம் முந்தி எடுத்தால் உள்ளே வெளுப்பு நிற்கும். கொஞ்சம் பிந்தினால் குழைந்துபோகும். அவள் இரண்டுக்கும் நடுவில் எடுப்பாள். காய்ந்த பிறகு அவள் விரலிகள் இரண்டைத் தட்டினால் வெண்கலம்போலச் சத்தம் வரும்.

அந்தச் சத்தத்தை யாரும் இல்லாதபோது தட்டிக் கேட்பாள். ஆள் அரவம் கேட்டால் சட்டென்று கூடையில் போட்டுவிடுவாள், எதையோ திருடியதுபோல.

எது எங்கே போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். சளிக்கு விரலியைத் தீயில் சுட்டு அந்தப் புகை. இருமலுக்குப் பாலில், மிளகோடு. சுளுக்குக்குச் சுண்ணாம்பு சேர்த்துச் செக்கச் செவேலென்று குழைத்த பற்று. அம்மை கண்ட உடம்புக்கு வேப்பிலையோடு. மருந்துக்கு வருகிறவர்களுக்கு அவள் ஆக்கிப் போடும் அரிசிம்பருப்புச் சோற்றில் மஞ்சள் தெரியும், ஆனால் நாக்கில் தட்டாது. சாப்பிட்டவர்கள் இலையை வழித்துவிட்டு, “யாருங்க ஆக்குனது?” என்று கேட்பார்கள்.

“அடுப்பு நல்லா எரிஞ்சுதுங்க” என்பாள் பூவாத்தாள்.

*

வாசலில் ஒரு கல் கிடந்தது.

பூவாத்தாள் மருந்தை இலையில் மடித்து அந்தக் கல்மேல் வைப்பாள். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பாள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் சொன்னதில்லை. தாலியறுத்தவள் கையிலிருந்து மஞ்சள் வாங்க அவர்கள் கூச வேண்டாமே என்று, அவளே ஒரு வழி பண்ணிக்கொடுத்திருந்தாள்.

“யாரு குடுத்த மருந்துன்னு கேட்டாங்களா?” என்று வைத்தியர் விசாரிப்பார்.

“கேட்டாங்க. சாமி குடுத்ததுன்னு சொன்னேனுங்க.”

“நான் தூங்கிட்டல்ல இருந்தேன்.”

“இருந்தாலும் சாமி குடுத்ததுதானுங்க.”

வைத்தியர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். தன் அடக்கத்தைப் பார்த்து மனம் நெகிழ்கிறார் என்று பூவாத்தாள் நினைத்துக்கொள்வாள். பாவம்.

ஒருநாள் அவர் அந்தக் கல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அசையவில்லை. பூவாத்தாள் பார்த்தாள். சாமிக்கு இன்றைக்கு என்னவோ யோசனை என்று எண்ணிக்கொண்டு, மருந்தைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

இன்னொரு நாள் கேட்டார்.

“மஞ்சள் மருந்துங்களா அக்கா?”

“ஆமாங்க.”

“காட்டுல மண்ணுக்குள்ளயே கெடந்துதே. அப்ப அது யாரையும் கொணப்படுத்தலையே?”

நல்ல கேள்விதான். அவள் அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் காலையில் முகம் மலர வந்து நின்றாள்.

“தெரிஞ்சு போச்சுங்க சாமி. வேகணுமுங்க.”

“சரி. வேகவெச்சது யாரு?”

“தீயிங்க.”

வைத்தியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

*

அந்த வீட்டில் படிப்பு முடிந்ததற்கு அடையாளம் காப்பு.

வைத்தியர் சிஷ்யனை மருந்தறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்துவார். உள்ளே ஒரு விரலி மஞ்சளும் ஒரு நூலும் போகும். கதவு திறந்தால் அவன் வைத்தியன். தன் பேரில் மருந்து கொடுக்கலாம், தனக்கென்று ஒரு மருந்துவீடு வைக்கலாம். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது முறை.

சொல்லாவிட்டால் தெரியாதா என்ன? கோயிலில் பூசாரி கட்டுகிற மாதிரி குரு கட்டுவார், சிஷ்யன் கையை நீட்டுவான். ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. பூவாத்தாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வைத்தியர் மணிக்கட்டில்கூட எப்போதும் ஒரு மஞ்சள் துண்டு நூலில் தொங்கும். அம்மன் கோயில் காப்பாக இருக்கும் என்று அவளுக்கு எண்ணம். அது அடிக்கடி அவிழ்ந்துபோகும். அவர் பல்லால் கடித்து இறுக்கிக்கொள்வார்.

அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன் காளியண்ணன். போன ஐப்பசியில் அவனுக்குக் காப்பு ஆகிவிட்டது. அவன் கதவைத் திறந்து வெளியே வந்த நேரத்தில் பூவாத்தாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவன் எதிரில் தான் எதற்கு என்று. அதனால் அவன் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவள் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பங்குனிவரை பொறுத்துப் பார்த்தாள். இன்று காலையில் கேட்டேவிட்டாள்.

கேட்டதற்குக் கிடைத்தது, கையைக் கழுவு என்ற பதில்.

“நேராவே கேட்டுப்போடறேனுங்க” என்றாள், முந்தானையிலிருந்து கையை எடுக்காமலே. “தாலியறுத்தவ கையில மஞ்சளைக் கட்டறதுக்கு யோசிக்கறீங்களா? அதுதான்னா சொல்லிப்போடுங்க. இந்த வயசுல அழுதுக்கிட்டு நிக்க மாட்டேன். பையைத் தூக்கிட்டுப் போயிடறேன்.”

அழ மாட்டேன் என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

“அடுப்புல தீ எறங்குதுங்க அக்கா” என்றார் வைத்தியர்.

அவள் வாசலோரத்து அடுப்புக்குப் போய் விறகைத் தள்ளினாள். கொப்பரையில் அந்த வருசத்துக் கடைசி மஞ்சள் வெந்துகொண்டிருந்தது.

*

வைத்தியர் கல்வத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தார். அவர் கைகள் இரண்டும் கறுத்திருந்தன.

“சேங்கொட்டை” என்றார், யாரும் கேட்காமலே.

பூவாத்தாள் ஒதுங்கி நின்றாள். சேங்கொட்டைப் பால் பட்ட இடம் கொப்புளித்துப் போகும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் மணியகாரர் சம்சாரம் செல்லக்காள் வந்தாள். அன்று மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. நோம்பி தொடங்குகிற நாள். அம்மன் கையில் கட்டுகிற மஞ்சள் இந்த மருந்துவீட்டிலிருந்துதான் போக வேண்டும். அம்மை கண்ட வீட்டுக்கெல்லாம் எங்கேயிருந்து மஞ்சள் போகிறதோ, அங்கேயிருந்துதான் அம்மனுக்கும் என்பது ஊர் முறை.

“காப்பு மஞ்சள் வேணுமுங்க சாமி. உச்சிக்குள்ள கட்டியாகணும்.”

“அக்காகிட்டக் கேளுங்க. எல்லாம் அவங்க வேகவெச்சதுதான்.”

“தெரியாதுங்களா? மஞ்சள்னா பூவாத்தா மஞ்சள்தான். எங்கூட்டுக் கொழம்புக்கு அதுதான். பேரனுக்கு அம்மை போட்டப்பவும் அதைத்தான் பூசுனோம், ஒரு தழும்பு இல்லீங்க.” இதையெல்லாம் அவள் பூவாத்தாள் நின்ற பக்கம் திரும்பாமலே சொன்னாள். “ஆனா இது அம்மனுக்குப் போறது பாருங்க. நீங்களே உங்க கையால எடுத்துக் குடுத்துருங்க.”

வைத்தியர் கறுத்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.

“சேங்கொட்டை. நான் தொட்டா அம்மனுக்கே கொப்புளம் வந்துரும்.”

“கழுவிட்டு…”

“கழுவுனாப் போறதுங்களா அது? எண்ணெயைப் போட்டு, புளியைப் போட்டு, பொழுது எறங்கிரும்.”

கோயில் பக்கம் தப்பட்டை முழங்க ஆரம்பித்தது. செல்லக்காள் வானத்தைப் பார்த்தாள், வழியைப் பார்த்தாள், வைத்தியர் கையைப் பார்த்தாள். மறுபடி வானத்தைப் பார்த்தாள்.

யார் தவித்தாலும் பூவாத்தாளுக்குப் பொறுக்காது. தன்னைத் தொட மாட்டேன் என்கிறவள் தவித்தாலும் பொறுக்காது. கூடையைத் துழாவி நல்ல நல்ல விரலிகளாகப் பொறுக்கினாள். வாழை இலைத் துண்டில் அடுக்கினாள். கல்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

செல்லக்காள் முகத்தில் உயிர் வந்தது. எடுக்கக் குனிந்தாள்.

வைத்தியர் எழுந்தார். கொப்பரை கிளறுகிற துடுப்பை எடுத்தார். கல்மேல் இருந்ததை இலையோடு வாரி அடுப்புத் தீயில் கொட்டினார்.

மஞ்சள் சடசடவென்று பொரிந்தது. காரமாகப் புகை எழுந்தது.

“சாமி, அம்மனுக்கு வெச்சதுங்க அது” என்றாள் செல்லக்காள், சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு.

“பொகை சளிக்கு நல்லதுங்க. நல்லா இழுத்துக்குங்க.”

பூவாத்தாள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவை இந்த வருசம் முதல் வேக்காட்டில் எடுத்தவை. மாசி வெயிலில் வேளைக்கு வேளை அவள் புரட்டிப்போட்டவை. அந்த முதுகு வலி இன்னும் போகவில்லை. ஒன்றுகூட வெளுப்பு நின்றதில்லை, ஒன்றுகூடக் குழைந்ததில்லை. எல்லாம் கரியாகிக்கொண்டிருந்தன.

“எதுக்குங்க சாமி எரிச்சீங்க?”

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“கல்லு மேல கெடந்துது. யாருதோன்னு நெனச்சேன்.”

“யாருதோவா? என்னுதுங்க.”

“கேக்கலீங்க அக்கா. தப்பட்டைச் சத்தம்.”

“என்னுதுங்க சாமி. நான் பொறுக்குனது, நான் வேகவெச்சது, நான் காயவெச்சது. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு மஞ்சள் வேற யாருக்கும் வராது. அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் வராது.”

சொன்ன பிறகுதான் உறைத்தது, யாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறோம் என்று. நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டிய இடம். அவள் கடித்துக்கொள்ளவில்லை. சொன்னது நிஜம். நெஞ்சுக்குள்ளே ஒரு சந்தோஷம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

வைத்தியர் தாடிக்குள் எதையோ அடக்கிக்கொண்டு கல்வத்தின் பக்கம் திரும்பினார்.

“எனக்கு வராதுதான்” என்றார்.

*

பூவாத்தாள் மறுபடியும் கூடைக்குப் போனாள்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலியாக எடுத்து, ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். ஆட்கள் இருக்கும்போதே தட்டினாள். கிண்ணென்று வந்த சத்தம் செல்லக்காளுக்கும் கேட்டது. வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு, கல்லைத் தாண்டி நடந்துபோய், அவள் எதிரில் நின்று கையை நீட்டினாள்.

கறை படிந்த கை. நகக்கண்கூட மஞ்சள்.

செல்லக்காள் ஒரு கணம் நின்றாள். பிறகு முந்தானையை விரித்துப் பிடித்தாள். மரியாதையாகத்தான் பிடித்தாள்.

“முந்தியில போட மாட்டேனுங்க” என்றாள் பூவாத்தாள்.

“ஏன் பூவாத்தா, நேரமாகுதல்ல?”

“கொழம்புக்குன்னாலும் சரி, மருந்துக்குன்னாலும் சரி, சாமிக்குன்னாலும் சரி. இனிமே கைக்குக் கைதான் குடுக்கறது. வேண்டாம்னா சந்தையில மஞ்சள் கெடைக்குமுங்க. அதை வாங்கிக் கட்டுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

செல்லக்காள் வைத்தியரைப் பார்த்தாள். அவருக்கு உலகத்தில் அந்தக் கல்வத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நீட்டிய கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே பருமன், ஒரே நிறம். அம்மன் கையில் இதைவிட நல்லதாக எதைக் கட்டிவிட முடியும்? தப்பட்டை அவசரப்படுத்தியதோ, பேரனின் தழும்பில்லாத முகம் நினைவுக்கு வந்ததோ, நமக்குத் தெரியாது.

முந்தானையைக் கீழே விட்டாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

பூவாத்தாள் மஞ்சளை அந்தக் கைகளில் வைத்தாள். விரல்கள் பட்டன. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

செல்லக்காள் வேலிப்படல்வரை போய்த் திரும்பினாள்.

“யாரு குடுத்ததுன்னு பூசாரி கேப்பாரு.”

பூவாத்தாள் கையை முந்தானைக்குள் கொண்டுபோகவில்லை.

“பூவாத்தா குடுத்ததுன்னு சொல்லுங்க.”

*

புகை அடங்கிய பிறகு வைத்தியர் எழுந்தார்.

“மீதி இருக்குங்களா அக்கா?”

“கூடை நெறைய இருக்குங்க.”

“நல்லதா ஒண்ணு எடுங்க. நூலும் எடுத்துக்கிட்டு மருந்தறைக்கு வாங்க.”

அவர் முன்னால் போனார். அவள் உள்ளே வந்ததும் முழங்கையால் கதவைச் சாத்தினார். சாளரத்து வெளிச்சத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

பூவாத்தாள் மஞ்சளையும் நூலையும் நடுவில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். வளையலைக் கழற்றிய நாளிலிருந்து வெறுமையாகக் கிடந்த மணிக்கட்டு. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

வைத்தியரும் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பழைய நூலை அவிழ்த்து மடியில் போட்டிருந்தார். நூல் கிடந்த இடத்தில் மட்டும் மணிக்கட்டு வெளுத்திருந்தது. அதற்குக் கீழே கறுத்த உள்ளங்கை. இவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிறகுதான் அவள் மூக்குக்கு அந்த வாசனை எட்டியது. விளக்கெண்ணெய். அடுப்புக்கரி.

“இது சேங்கொட்டை இல்லீங்களே சாமி.”

“இல்லீங்க.”

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மஞ்சளை எடுத்தாள். அவள் வேகவைத்த மஞ்சள். நூலை அதில் சுற்றினாள்.

“நானுங்களா கட்டறது?”

“இறுக்கிக் கட்டுங்க அக்கா. காளியண்ணன் போட்ட முடிச்சு அவுந்துக்கிட்டே இருந்துது.”